உதட்டில் விரல்

6 பிப்ரவரி

அன்புள்ள தம்பி உம்மணாமூஞ்சிக்கு அக்கா எழுதுவது.

கை கால் முழுசாகவும் வாய் அதைவிட முழுசாகவும் வந்து சேர்ந்துவிட்டேன். நீயும் உன் வீட்டுக்காரியும் சுகமா? நம்ம வாலுவுக்கு இருமல் நின்றதா, இல்லை பள்ளிக்கூடம் போகாமல் இருக்க இன்னும் இருமுகிறாளா?

விமானத்தில் நான் பயந்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதே. பக்கத்து சீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டது அவருக்குத் தைரியமாக இருக்கட்டும் என்றுதான்.

இங்கே போனுக்கு டவர் கிடையாது. மருந்து கொண்டுவரும் குட்டி விமானத்தில்தான் தபால் பையும் போய் வரும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டிய என்னையும் எழுத்தாளி ஆக்கிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி பாதி கட்டடம், பாதி கூடாரம். சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடி வந்தவர்களுக்குப் பல நாட்டு டாக்டர்கள் சேர்ந்து நடத்துகிறார்கள். எனக்குக் குழந்தைகள் வார்டு. தரை துடைக்க வேண்டும், பால் ஆற்ற வேண்டும், பிஸ்கட் கொடுக்க வேண்டும். டாக்டர் ஒருத்தர் நிமிர்ந்தால் தலை கூடாரத்தில் இடிக்கும். நெட்டை டாக்டர் என்று பெயர் வைத்திருக்கிறேன். அவருக்கு அர்த்தம் தெரியாது, கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்.

ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள். நம்ம வாலு வயசுதான். முன்பல் இரண்டும் பெரிசு, அதனால் முயல்குட்டி. கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டுக் கிடக்கிறாள். ஓடி வந்த கூட்டத்தில் அம்மாவைத் தவறவிட்டுவிட்டாள், தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவள் பேச்சு எனக்குப் புரியாது, என் பேச்சு அவளுக்குப் புரியாது. ஆனாலும் ஒரு பாஷை கண்டுபிடித்திருக்கிறேன். ஆளுக்கு இரண்டு பிஸ்கட் கணக்கு. நான் ஒன்றைக் கூடுதலாகக் கையில் திணித்து, தலையைச் சாய்த்து, உதட்டில் விரல் வைத்து 'உஸ்' என்பேன். அவளும் 'உஸ்' என்பாள். ஒவ்வொருவராக வார்டு முழுக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. எல்லோருக்கும் மூன்று கிடைக்கிறது, எல்லோரும் தனக்கு மட்டும்தான் என்று நினைக்கிறார்கள்!

உன் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர் நன்றாகக் கவனித்துக்கொள்கிறார். ஸ்டோர் ரூம் முழுக்க அவர் பொறுப்புதான். ஆள் வருமுன் சென்ட் வாசனை வந்துவிடும், அதனால் அவருக்கு 'சென்ட்டு'. என்னை இங்கே சேர்த்துவிட்டது போல உன்னையும் ஆம்புலன்ஸ் மெக்கானிக்காகச் சேர்த்துவிடுவதாகச் சொல்கிறார்.

என் எழுத்துப்பிழையை எண்ணாதே. இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உஸ்.

வாயாடி அக்கா


24 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். யாரிடமும் காட்டாதே என்று எழுதியிருந்தாய். வாலு அதைத் தபால்காரர் முன்னாலேயே உரக்கப் படித்துவிட்டாள். இப்போது தபால்காரருக்கும் நான் உம்மணாமூஞ்சி.

ஒர்க்‌ஷாப்பை மூடப் போவதாகப் பேச்சு. முதலாளி வண்டிகளைப் பார்ப்பதில்லை. வாசல் பூட்டுக்குத்தான் தினமும் எண்ணெய் போடுகிறார். சிநேகிதன் எனக்கும் எழுதியிருந்தான். மெக்கானிக் இடம் கோடையில் காலியாகிறதாம், என் பேப்பர் அவன் கையில்தான் இருக்கிறதாம். அவனை நம்பித்தான் இருக்கிறேன். நீயும் அவனிடம் ஏதாவது கிண்டல் செய்து காரியத்தைக் கெடுத்துவிடாதே.

முயலுக்கு உண்மையிலேயே காது நீளமா என்று வாலு கேட்கிறாள்.

தம்பி


15 மார்ச்

அன்புள்ள தம்பிக்கும், ஓரத்தில் நின்று படிக்கும் தபால்காரருக்கும் வணக்கம்.

எனக்கு முழங்கால் வலி தவிர ஒரு குறையும் இல்லை. உங்கள் எல்லோர் உடம்பும் எப்படி? வாலுவிடம் சொல், காது சின்னது, பல்தான் பெரிசு.

இந்த வயசில் என்னை வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்கள். டாக்டரிலிருந்து தரை துடைக்கிறவர் வரை எல்லோரும் படித்தே ஆக வேண்டுமாம். குழந்தைகளைப் பெரியவர்களிடமிருந்து காப்பாற்றுகிற பாடம். சொல்லிக்கொடுப்பது தடிமனான கண்ணாடி போட்ட ஓர் அம்மா. நம் பாஷை பேசுகிறவர். குழந்தையோடு அடைத்த கதவுக்குள் யாரும் தனியாக இருக்கக் கூடாது. கேட்காமல் போட்டோ எடுக்கக் கூடாது. எதிலாவது சந்தேகம் வந்தால் நாமே பிள்ளையைக் குடைந்து கேட்கக் கூடாது, சம்பந்தப்பட்ட ஆளிடமும் போகக் கூடாது, அன்றைக்கே நேராகக் கண்ணாடியம்மாவிடம் வர வேண்டும்.

இதெல்லாம் சரி. அடுத்ததாக என்னைப் பார்த்துக்கொண்டே ஒன்று சொன்னார்: "பிள்ளைங்ககிட்ட 'யார்கிட்டயும் சொல்லாதே'ன்னு எதையும் சொல்லாதீங்க. விளையாட்டுக்குக் கூட."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏம்மா, ஒரு பிஸ்கட்டுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?"

"பிஸ்கட்டுக்கு இல்லக்கா. பெரியவங்க உஸ்ஸுன்னா வாயை மூடிக்கணும்னு அதுங்க பழகுது. நாளைக்கு வேற ஒருத்தர் வேற எதுக்காவது உஸ்ஸுன்னா?"

"அப்ப என் விரலை வெட்டிடுங்க. அதுதான் குற்றவாளி."

எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் கண் சிரிக்கவில்லை. படித்தவர்களுக்கு எதைப் பார்த்தாலும் பயம் போலிருக்கிறது. சரி என்று மற்றப் பிள்ளைகளிடம் நிறுத்திவிட்டேன். முயல்குட்டியை மட்டும் விட மனசு வரவில்லை. அம்மா இல்லாமல் கிடக்கிற பிள்ளை. அவளுக்கு மட்டும் இன்னும் ஒன்று, உஸ்.

இதையும் யாரிடமும் காட்டாதே. தபால்காரர் சேர்த்தி இல்லை.

அக்கா


2 ஏப்ரல்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, குனிந்து துடைக்காதே, நீளக் கம்பு வாங்கிக்கொள்.

கண்ணாடியம்மா கதையைப் படித்து வீட்டில் சிரித்தோம். உன்னை ஒருத்தர் வாயடைத்திருக்கிறார் என்றால் அவரைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சீக்கிரம் பார்ப்பேன் என்றே தோன்றுகிறது. இடம் அநேகமாக உறுதி, இந்த மாதமே பேப்பர் மேலே போகிறது என்று சிநேகிதன் எழுதிவிட்டான். புதுச் சட்டைக்குத் துணி எடுத்தாயிற்று. நீல நிறம். என் வீட்டுக்காரிதான் தேர்ந்தெடுத்தாள், நான் வாயைத் திறக்கவில்லை.

தம்பி


21 ஏப்ரல்

தம்பிக்கு,

நான் சுகம். எல்லோரும் சுகமாக இருங்கள்.

அந்தத் துணியை இப்போது தைக்கக் கொடுக்க வேண்டாம். உன் சிநேகிதரிடமிருந்து கடிதம் வந்தால் பதில் போட அவசரப்படாதே. காரணம் கேட்காதே, இப்போது சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறேன்.

வாலுவைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

அக்கா


10 மே

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கு என்ன ஆயிற்று? கடிதத்தில் ஒரு கிண்டல் கூட இல்லை. நீ கிண்டல் செய்யவில்லை என்றால் காய்ச்சல் என்று அம்மா சொல்லும். காய்ச்சலா? என் வீட்டுக்காரி இரண்டு முறை கடிதத்தைப் புரட்டிப் பார்த்தாள், பின்பக்கமாவது ஏதாவது இருக்கும் என்று.

அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் பாதிப்பேரை அனுப்பியாயிற்று. நான் இன்னும் மிச்சப் பாதியில் இருக்கிறேன். எதுவானாலும் எழுது. துணியைப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

தம்பி


28 மே

அன்புள்ள தம்பிக்கு,

காய்ச்சல் இல்லை. உடம்பு நன்றாக இருக்கிறது, மனசுதான் கொஞ்சம் துவண்டிருந்தது. எவ்வளவு சொல்லலாம் என்று கண்ணாடியம்மாவிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன். உட்கார்ந்து படி. வாலுவை வெளியே விளையாட அனுப்பிவிடு.

அந்தச் சின்னக் கடிதம் எழுதுவதற்கு முன்னால் ஒரு நாள் முயல்குட்டியின் கட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தலையணைக்கு அடியில் சிவப்புக் கல் வைத்த ஹேர் கிளிப் ஒன்று இருந்தது. எங்கள் வார்டில் அப்படி ஒரு பொருள் கிடையாது. யார் கொடுத்தது என்று கையை விரித்துக் கேட்டேன். அவள் தலையைச் சாய்த்து உதட்டில் விரல் வைத்தாள். நான் வைப்பது போலவே அச்சாக. ஆனால் சிரிக்கவில்லை. கிளிப்பில் சென்ட் வாசனை அடித்தது.

பாடத்தில் சொன்னபடி நேராகக் கண்ணாடியம்மாவிடம் போயிருக்க வேண்டும். நான் என் வழக்கப்படி ஸ்டோர் வாசலுக்குப் போய்க் கிண்டல் செய்தேன். "என்ன சென்ட்டு, கிளிப்பெல்லாம் பலமா இருக்கு. இந்த அக்கா தலையில முடி இல்லையா என்ன?"

சிரிப்பார், ஏதாவது சொல்வார், என் மனசு ஆறிவிடும் என்று நினைத்தேன். அவர் அக்கம்பக்கம் பார்த்தார்.

"அம்மா இல்லாத பொண்ணுக்கா. பொம்மை எடுத்துக்கட்டும்னு சக்கர நாற்காலியில இங்க கூட்டிட்டு வருவேன். நீங்க இதைப் பெருசு பண்ணாதீங்க. தம்பி பேப்பர் வேற இந்த வாரம் மேல போகுது. நமக்குள்ள இருக்கட்டும்."

சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்து உதட்டில் விரல் வைத்தார், தம்பி.

அந்த விரல் என்னுடையது. வார்டு முழுக்க நான் விதைத்துவிட்டு வந்தது. அவருக்குப் புதிதாக ஒன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டிய வேலையே இல்லாமல் செய்து வைத்திருந்தேன்.

கண்ணாடியம்மா அறைக்குப் போகிற வழியில் உன் முகம் வந்தது, உன் முதலாளி எண்ணெய் போடுகிற பூட்டும் வந்தது. ஒருவேளை நல்ல மனசோடுதான் கொடுத்திருப்பாரோ, நான்தான் தப்பாக நினைக்கிறேனோ என்றும் தோன்றியது. உள்ளே போய், "எனக்கு நிச்சயமா எதுவும் தெரியாதும்மா" என்றுதான் ஆரம்பித்தேன்.

"நிச்சயமாத் தெரிஞ்சுக்கிட்டு வரணும்னு நான் சொல்லவே இல்லையேக்கா. நிச்சயம் பண்றது எங்க வேலை. நீங்க உக்காருங்க" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன், என் பிஸ்கட்டையும் சேர்த்து. அன்றைக்கே சென்ட்டுவை வார்டுப் பக்கம் வரக் கூடாது என்று நிறுத்தினார்கள். வெளியிலிருந்து ஆட்கள் வந்து விசாரித்தார்கள். அது முடிகிற வரை யாரிடமும் பேசக் கூடாது என்றார்கள், அதனால்தான் உனக்கு அப்படி எழுதினேன். கிளிப், முகம் பார்க்கும் கண்ணாடி, பொம்மை என்று கொடுத்துப் பழக்கி, கடைசியில் ஸ்டோர் கதவை உள்ளே தாழ் போடுகிற அளவுக்கு வந்திருந்தார். அதற்கு மேல் போகுமுன் தடுத்தாயிற்று, பிள்ளை பத்திரமாக இருக்கிறாள் என்று கண்ணாடியம்மா சொன்னார். அவள் பாஷை தெரிந்த ஒரு பெண்ணை வைத்து மெதுவாகப் பேசியிருக்கிறார்கள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. அது அவளுடையது.

அவரை வேலையிலிருந்து நீக்கி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இனி எந்த உதவி ஆஸ்பத்திரியில் போய் நின்றாலும் ஏன் நீக்கினார்கள் என்று இவர்கள் சொல்லிவிடுவார்களாம்.

மெக்கானிக் இடத்துக்கு வேறு ஒருத்தரை எடுத்துவிட்டார்கள். உன் வேலையை நான்தான் கெடுத்தேன். திட்டுவதானால் நன்றாகத் திட்டி எழுது. ஆனால் எழுது.

வார்டில் புது விளையாட்டு ஒன்று ஆரம்பித்திருக்கிறேன். பெரியவர்கள் யார் எதைக் கொடுத்தாலும், வாங்கிய பிள்ளை அதைத் தூக்கிக் காட்டி, டம்ளரில் ஸ்பூனால் தட்ட வேண்டும். டங், டங். உடனே மற்ற எல்லோரும் தட்ட வேண்டும். பாஷையே வேண்டாம். இதையும் பிள்ளைகள் ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்கள். நெட்டை டாக்டர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு திரிகிறார்.

முயல்குட்டி மட்டும் தட்டவில்லை. ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறாள்.

அக்கா


30 ஜூன்

அன்புள்ள தம்பிக்கு,

சுகமா? நான் சுகம். விமானம் வருகிற போதெல்லாம் பையைக் கவிழ்த்துப் பார்க்கிறேன். தபால் பைக்காரர் என்னைக் கண்டாலே கையை விரிக்கிறார். போன விமானத்தில் வந்தது இரண்டே சாமான்: நெட்டை டாக்டருக்குக் காலுறை, எனக்கு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லையை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கோபமாக இருந்தால் கோபம் என்று ஒரு வரி போடு. உம்மணாமூஞ்சியை இவ்வளவு தூரத்திலிருந்து பார்க்க முடியாது, எழுதினால்தான் தெரியும்.

முயல்குட்டிக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. கம்பு ஊன்றி நடக்கப் பழகுகிறாள். நான் எதைக் கொடுத்தாலும் வாங்குவதில்லை. அவளிடம் நானும் உஸ் சொன்னவள்தானே. அவளை அவசரப்படுத்த வேண்டாம், நீங்கள் உங்கள்பாட்டுக்குத் தட்டிக்கொண்டே இருங்கள் என்கிறார் கண்ணாடியம்மா. தட்டிக்கொண்டே இருக்கிறேன்.

அக்கா


14 ஜூலை

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதங்கள் கிடைத்தன. இங்கே எல்லோரும் நலம். வேலை வழக்கம்போல. எழுத நேரம் கிடைக்கவில்லை. ஒன்றும் விசேஷமில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

அத்தை, நான் வாலு. அப்பா கவரை ஒட்ட என்கிட்டக் குடுத்தாரு. அதுக்குள்ள இதை எழுதுறேன். அப்பா எழுதினது எல்லாம் பொய். ஒர்க்‌ஷாப்பை மூடிட்டாங்க. அந்த சென்ட்டு மாமாவோட அண்ணன் நாலு பேரோட வந்து எங்க வாசல்ல நின்னு கத்துனாரு. "உங்க அக்கா வாய்க்கு வந்ததை உளறி எங்க தம்பி பொழப்பைக் கெடுத்துட்டா"ன்னு சொன்னாரு. தெருவே வேடிக்கை பார்த்துச்சு. அம்மா என்னைய உள்ள இழுத்துட்டாங்க, ஆனா ஜன்னல் வழியா பார்த்தேன். அப்பா கத்தவே இல்ல. "எங்க அக்கா ஊரையே கிண்டல் பண்ணுவா. இதுல விளையாட மாட்டா. அந்தப் பொண்ணுக்கும் என் பொண்ணு வயசுதான். நீங்க போகலாம்"னு சொன்னாரு. அவங்க போனப்புறமும் கதவைச் சாத்தல. திறந்தே வச்சு அங்கேயே உக்காந்திருந்தாரு.

இதெல்லாம் அத்தைக்கு எழுதாதே, அவ மனசு கஷ்டப்படும்னு சொன்னாரு. ஆனா அந்த டம்ளர் விளையாட்டை எனக்குச் சொல்லிக் குடுத்ததே அப்பாதான். யாராவது 'சொல்லாதே'ன்னா உடனே வந்து சொல்லுன்னும் அவரேதான் சொன்னாரு. அப்ப நான் என்ன பண்றது? டங் டங்.

அப்பா இப்ப வீட்டு வாசல்லயே வண்டி ரிப்பேர் பண்றாரு. நீலத் துணியில எனக்கு கவுன் தைச்சாங்க. நல்லாவே இருக்கு.


9 ஆகஸ்ட்

என் அன்புள்ள தம்பிக்கும், அதைவிட அன்புள்ள வாலுவுக்கும், கவுனுக்கு நிறம் தேர்ந்தெடுத்த உன் வீட்டுக்காரிக்கும்,

எல்லோரும் சுகம் என்று வாலு எழுதினால்தான் இனி நம்புவேன். என் முழங்காலுக்கு நீளக் கம்பு கிடைத்துவிட்டது, அதனால் முழங்காலும் சுகம்.

கடிதத்தைப் படித்துவிட்டுப் பால் ஆற்றும் இடத்தில் நின்று கொஞ்சம் அழுதேன். கொஞ்சம்தான், பால் பொங்கிவிட்டது. நீ வாசலில் உட்கார்ந்திருந்ததை நான் பார்க்கவில்லை, ஆனால் நன்றாகத் தெரிகிறது. வாலுவைத் திட்டாதே. திட்டியிருந்தால் அவளிடம் மன்னிப்புக் கேட்டு, கேட்டாய் என்று அவளையே எழுதச் சொல்.

மெக்கானிக் வேலைக்கு இனி யார் தயவும் வேண்டாம், நேராக ஆபீசுக்கே எழுதலாம் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். கிடைக்குமா என்று தெரியாது. வாசல் ரிப்பேர் ஓடினால் அதுவும் நல்லதுதான், ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க ஆள் இருக்கிறதே.

இப்போது முக்கியமான சேதி. முயல்குட்டியின் அம்மா கிடைத்துவிட்டாள்! வேறொரு முகாமில் இருந்திருக்கிறாள். பத்து நாள் முன்னால் வண்டியில் வந்து இறங்கினாள். எனக்குச் சந்தேகமே இல்லை, அவளுக்கும் முன்பல் இரண்டும் பெரிசு. அந்தப் பிள்ளை கம்பைப் போட்டுவிட்டு நொண்டிக்கொண்டு ஓடியதைப் பார்த்து நெட்டை டாக்டர் நிமிர்ந்தார், தலை இடித்தது.

நேற்று அவர்கள் புறப்பட்டார்கள். வழிக்கு ஆகட்டும் என்று கைநிறையப் பிஸ்கட் எடுத்துக்கொண்டு போனேன். கொடுத்தேன். இத்தனை நாள் வாங்காதவள் வாங்கிக்கொண்டாள். சந்தோஷத்தில் எனக்குப் புத்தி எங்கே போயிற்றோ, பழைய பழக்கம், தலை சாய்ந்துவிட்டது, விரல் தானாக உதட்டுக்குப் போய்விட்டது.

முயல்குட்டி என்னைப் பார்த்தாள். எட்டி என் விரலைப் பிடித்து, என் வாயிலிருந்து இறக்கி, கீழே விட்டாள். பிறகு பிஸ்கட்டை உயரத் தூக்கிக் காட்டினாள். அம்மாவின் மூட்டையிலிருந்து டம்ளரை உருவிக் கம்பால் தட்டினாள் பார், அப்படி ஒரு சத்தம். வார்டு முழுக்கத் திருப்பித் தட்டியது. அவள் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, அவளும் கை தட்டினாள். கண்ணாடியம்மா வாசலுக்கு ஓடி வந்து என்னவென்று கேட்டார்.

"என்னையத்தாம்மா மாட்டி விடுறா" என்றேன். முதல் தடவையாக அவர் கண்ணும் சிரித்தது.

எழுத்துப்பிழை நிறைய இருக்கும். இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. தபால்காரரிடம் முதலில் காட்டு.

டங் டங்.

அக்கா